நாமா, நாங்களா? காம்யுவின் ‘கொள்ளைநோய்’ குறித்துச் சில எண்ணங்கள்

ஆல்பெர் காம்யு 1947ஆம் ஆண்டு பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட ‘லா பெஸ்த்’ என்னும் புதினத்தைத் தமிழில் ‘கொள்ளைநோய்’ என்று வழங்கலாம். அதனைப் பாராட்டி எழுதப்பட்ட கட்டுரைகளுக்கு அளவில்லை. 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று உலகைச் சூழ்ந்தபோது பல நாடுகளில் அந்நூல் மீண்டும் பெருமளவில் விற்பனையாயிற்று. கடவுளை நம்பாதவனும் அறவோனாக வாழ முடியும் என்பதற்கு அந்நூல் சான்று எனப் பலரும் அப்போது எழுதினர். அக்கூற்று பொய்யன்று. ஆயினும் அது நூலின் மேற்பரப்பை மட்டும் தொட்டுச் செல்கிறது. உள்ளே சென்று பார்ப்பவர்க்கு இவ்வளவு எளிதான விடை கிடைப்பதில்லை.

இதனை இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒன்றுண்டு. என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி இன்று செவிலியாகப் பணிபுரிகிறாள். 2020 ஏப்ரல் 7ஆம் நாள் தொடங்கிச் சிங்கப்பூரில் கதவடைப்பு நடைமுறையில் இருந்த வாரங்களில் அவள் நோயாளிகளிடையே இருந்தாள். அதெல்லாம் முடிந்து நெடுநாள் கழித்து ஒருநாள் வந்து, “ஐயா, சிறுவயதில் இருந்த பக்தி இப்போது இல்லை. அறிவியல் படித்ததால் போயிற்றா, பார்த்ததெல்லாம் பார்த்ததால் போயிற்றா என்று தெரியவில்லை. ஆனால் வேலையை விடவும் மனம் வரவில்லை. எதற்காகச் செய்கிறேன் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியவில்லை,” என்றாள். ஐம்பது ஆண்டுகள் பிறர் நூல்களுக்கு உரை சொல்லிய எனக்கு அந்த ஒரு கேள்விக்கு உரை சொல்ல இயலவில்லை. ஆகவே ஆசிரியர்கள் வழக்கமாகச் செய்வதையே நானும் செய்தேன். ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதனைத் திருப்பிக் கொடுத்தபோது கூறியவை, நான் பலமுறை படித்த நூலை மறுபடியும் படிக்கச் செய்தன.

நூலாசிரியரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். காம்யு 1913இல் அல்சீரிய நாட்டில் மொந்தோவி என்னும் ஊரில் பிறந்தார். அடுத்த ஆண்டே தந்தை முதல் உலகப் போரில் காயமுற்று இறந்தார். தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. காதும் சரியாகக் கேளாது. அவர் பிறர் வீடுகளைத் துப்புரவு செய்து பிள்ளைகளைக் காத்தார். அல்சியேர் நகரின் ஏழைப் பகுதியில் வளர்ந்த அச்சிறுவன் தொடக்கப் பள்ளியோடு நின்றிருக்க வேண்டியவன். லூயி ஜெர்மேன் என்னும் ஆசிரியர் அவனுக்குத் தனியே பாடஞ்சொல்லி, உதவித்தொகைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்து, உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பி வைத்தார். 1957இல் நோபல் பரிசு பெற்றபோது, தாய்க்கு அடுத்தபடியாகத் தம் நினைவில் வந்தவர் அந்த ஆசிரியரே என்று காம்யு அவருக்கு மடல் எழுதினார். பரிசேற்பின்போது ஆற்றிய உரைகள் நூலானபோது அதனை அவருக்கே உரிமையாக்கினார். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களைத் தாழ்வாக எண்ணுவோர் இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

பதினேழாம் வயதில் அவரைக் காசநோய் பற்றியது. அது வாழ்நாள் முழுதும் விடவில்லை. நோயை வெளியில் நின்று எழுதியவர் அல்லர் அவர். 1942இல் சிகிச்சைக்காகப் பிரான்சின் மலைப்பகுதிக்குச் சென்றார். அவ்வாண்டு நவம்பரில் நேசநாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கவே, ஓரான் நகரிலிருந்த மனைவியிடம் திரும்ப வழியின்றித் தனித்துப் போனார். ‘கொள்ளைநோய்’ நூலில் சாவைக் காட்டிலும் பிரிவே மிகுதியாகப் பேசப்படுவதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

கதை பலரும் அறிந்ததே. ஓரான் நகரில் ஓர் ஏப்ரல் 16ஆம் நாள் காலை மருத்துவர் ரியூ தம் வீட்டுப் படிக்கட்டில் செத்த எலி ஒன்றைக் காண்கிறார். எலிகள் ஆயிரக்கணக்கில் மடிகின்றன. பிறகு மனிதர்கள் மடிகின்றனர். நகரின் வாயில்கள் அடைக்கப்படுகின்றன. அடுத்த பிப்ரவரியில் அவை திறக்கும்வரை நடப்பவையே நூல்.

இந்நூலை அறிவியலின் வெற்றி என்று கூறுவோர் உளர். அவர்கள் எந்த நூலைப் படித்தார்களோ, நானறியேன். இந்நோயின் நுண்ணுயிரை 1894இல் ஹாங்காங்கில் பாஸ்தர் ஆய்வகத்தைச் சேர்ந்த யெர்சின் கண்டறிந்தார். எலியின் தெள்ளுப்பூச்சி வழியே அது பரவுவதை 1898இல் கராச்சியில் சிமோன் கண்டறிந்தார். இவையெல்லாம் நடந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே காம்யுவின் கதை நிகழ்கிறது. எனினும் ஓரானின் மருத்துவர்கள் நோய்க்குப் பெயர் சூட்டவே தயங்குகின்றனர். ஆய்வுக்கூடத்தில் தெரியும் கிருமி பாடநூலில் கூறிய வடிவத்தோடு முற்றும் ஒத்துவரவில்லை. அதிகாரிகளோ அச்சொல்லைச் சொல்லவே அஞ்சுகின்றனர். பெயர் எதுவாயினும் கொள்ளைநோய் என்றே கொண்டு செயல்பட வேண்டும் என ரியூ வற்புறுத்த வேண்டியதாகிறது. முதிய மருத்துவர் காஸ்தெல் அரும்பாடுபட்டு ஊசிமருந்து ஒன்றைச் செய்கிறார். அதனை முதலில் பெறுபவன் நடுவர் ஓத்தோனின் சின்னஞ்சிறு மகன். மருந்து அவனைக் காக்கவில்லை. அவனுடைய சாவை நீட்டித்தது, அவ்வளவே. பின்னர் நோய் தணியும்போது அதே மருந்து திடீரென்று பலிக்கத் தொடங்குகிறது. அப்போதும் மருந்தால் நோய் தணிந்ததா, நோய் தானே களைத்து ஓய்ந்ததா என்பதை ஆசிரியர் உறுதியாகக் கூறுவதில்லை.

இது தற்செயல் அன்று. 1942இல் வெளிவந்த சிசிபஸ் பற்றிய கட்டுரை நூலிலேயே காம்யு இதனைக் கூறிவிட்டார். அறிவியல் உலகை அணுவாகப் பிரித்துக் காட்டுகிறது. அணுவுக்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஞாயிற்றைச் சுற்றும் கோள்கள்போல் சுழல்கின்றன என்று விளக்குகிறது. அவ்விடத்தில் அறிவியலும் உவமை சொல்லத் தொடங்கிவிட்டதே என்று அவர் வினவுகிறார். அறிவியல்மீது அவருக்குப் பகையில்லை. ‘எப்படி’ என்பதற்கு அது விடை தரும், ‘எதற்காக’ என்பதற்குத் தராது என்பதே அவர் கருத்து. சமயத்தை நீக்கிய இடத்தில் அறிவியலை இருத்திவிட்டால் போதும் என எண்ணுவோர்க்கு இவரிடம் ஆறுதல் இல்லை.

ஈண்டு மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு சொல். காம்யுவின் பெயரோடு ஒட்டிவரும் கருத்தை நம்மவர் ‘அபத்தம்’ என்றும் ‘பொருளின்மை’ என்றும் எழுதுகின்றனர். முன்னது நம் வழக்கில் பிழை, உளறல் என்னும் பொருளைத் தருகிறது. பின்னது உலகமே வெறுமை என்ற எண்ணத்தை உண்டாக்குகிறது. காம்யு கூறுவது அதுவன்று. மனிதன் பொருள் வேண்டிக் கூவுகிறான். உலகம் வாய் திறவாதிருக்கிறது. குறை மனிதனிடத்தும் இல்லை, உலகத்திடத்தும் இல்லை. இரண்டும் இயையாமையில் இருக்கிறது. அப்பிரெஞ்சுச் சொல்லுக்கு மூலமான இலத்தீன் சொல்லுக்கே சுருதி சேராதது என்பது பொருள். ஆகவே ‘இயைபின்மை’ என்னும் சொல் பொருந்தும் என்பது என் கருத்து. இதைவிடச் சிறந்த சொல் உடையோர் கூறினால் ஏற்றுக்கொள்வேன்.

இனி நூலின் நடுவிடத்திற்கு வருவோம். பானலூ என்னும் ஏசு சபைத் துறவி இருமுறை ஆலயத்தில் சொற்பொழிவாற்றுகிறார். முதல்முறை அவர் இடிபோல் முழங்குகிறார். கொள்ளைநோய் இறைவனின் தண்டனை. களத்தில் கதிரடிக்கும் கோல் போல அது நல்லோரையும் தீயோரையும் பிரிக்கும். நீங்கள் செய்த பாவத்துக்கு நீங்கள் பெறும் பயன் இது என்பது அவர் வாதம். அதன்பின் ஓத்தோனின் மகன் இறக்கும் வேளை வருகிறது. வகுப்பறையாக இருந்து மருத்துவக் கூடமாக மாற்றப்பட்ட இடத்தில் அச்சிறுவன் துடித்து மடிவதைப் பானலூவும் ரியூவும் ஒருசேரப் பார்க்கின்றனர். குழந்தைகள் வதைபடும் இப்படைப்பைச் சாகும்வரை ஏற்கமாட்டேன் என்னும் கருத்துப்பட ரியூ சினந்து கூறுகிறார். தாஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமாசவ் சகோதரர்கள்’ நூலில் இவான் எழுப்பிய வழக்கே இது. ஆனால் இவான் உணவு விடுதியில் அமர்ந்து வாதாடினான். ரியூ சடலத்தின் அருகிலிருந்து வெளியே வந்து கூறுகிறார்.

அதற்குப் பின் பானலூ ஆற்றும் இரண்டாம் சொற்பொழிவை, ஆலயத்தில் இருந்து கேட்ட ரியூவின் காதுவழியே ஆசிரியர் நமக்குத் தருகிறார். அங்கே ஒரு குறிப்பு: பானலூ இப்போது ‘நீங்கள்’ என்று கூறவில்லை, தன்மைப் பன்மையில் பேசினார். பிரெஞ்சு மொழியில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். தமிழில் மொழிபெயர்ப்பவன் அவ்விடத்தில் நின்று சிந்திக்க வேண்டும். நம்மிடம் இரண்டு உண்டு: கேட்போரையும் தன்னுள் அடக்கும் ‘நாம்’, கேட்போரை விலக்கி நிற்கும் ‘நாங்கள்’. உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று இலக்கணம் கற்பிக்கும்போது மாணவர் கொட்டாவி விடுவதைக் கண்டிருக்கிறேன். இந்த ஓர் இடத்தைச் சொல்லிப் பாடம் நடத்தியிருந்தால் விட்டிருக்கமாட்டார்கள். பானலூவின் மாற்றம் முழுவதும் அந்த ‘நாம்’ என்னும் ஒரு சொல்லில் இருக்கிறது. கடவுளின் பக்கத்தில் நின்று மக்களைச் சுட்டிய விரல் மடங்கிவிட்டது. நோய்க்கு எதிரே நிற்பவருள் அவரும் ஒருவராகிவிட்டார்.

சமயமற்ற வாழ்வுக்குப் பொருள் எங்கே என்னும் வினாவுக்குக் காம்யுவின் விடையும் இச்சொல்லே என்று எனக்குத் தோன்றுகிறது. அது கொள்கை அன்று, இலக்கணத்தில் ஓரிடம். தான் என்னும் ஒருமை, துன்பத்தின் எதிரில் நாம் என்னும் பன்மையாகும் இடம். செய்தியாளர் ராம்பேர் காதலியிடம் போய்ச்சேர ஊரைவிட்டுத் தப்ப எத்தனையோ வழிகள் தேடி, வழி திறக்கும் நேரத்தில் தங்கிவிடுகிறார். அவரை யாரும் தடுக்கவில்லை. ரியூவும் குறை கூறவில்லை. தனியே மகிழ்ந்திருக்க வெட்கமாயிருக்கிறது என்பதே அவர் காட்டும் காரணம். நரகத்துக்கு அஞ்சியோ வீடுபேற்றை விரும்பியோ அவர் தங்கவில்லை.

நகராட்சி எழுத்தர் கிரானைப் பற்றி எழுதாமல் விடலாகாது. மனைவி பிரிந்து போனாள். அவளுக்கு ஒரு மடல் எழுதச் சொல் வரவில்லை. ஊதிய உயர்வு கேட்டு விண்ணப்பம் எழுதவும் சொல் வரவில்லை. புதினம் ஒன்று எழுதத் தொடங்கி, குதிரையேறிச் செல்லும் பெண்ணைப் பற்றிய முதல் வாக்கியத்தையே ஆண்டுக்கணக்கில் திருத்திக்கொண்டிருக்கிறார். இம்மனிதர்தான் மாலைதோறும் அமர்ந்து சாவுக் கணக்கையும் பதிவேடுகளையும் எழுதித் தருகிறார். இக்கதைக்குத் தலைவன் வேண்டுமென்றால் இவரைக் கொள்க என்று கதைசொல்பவர் கூறுவது கேலியன்று. நோய்வாய்ப்பட்டபோது தம் கையெழுத்துப் படியை எரிக்கச் சொல்லி, எல்லாரும் கைவிட்ட பின் பிழைத்தெழுகிறார். இறுதியில் அவ்வாக்கியத்திலிருந்து பெயரடைகளை எல்லாம் நீக்கிவிட்டதாக மகிழ்ந்து கூறுகிறார். நம் எழுத்தாளர் சிலருக்கும் இந்நோய் ஒருமுறை வந்துபோனால் நன்று.

தாருவின் நிலை வேறு. அவர் தந்தை அரசு வழக்குரைஞர். ஒருவனுக்கு மரண தண்டனை வேண்டித் தந்தை வாதிட்டதை இளமையில் நேரில் கண்ட நாள்முதல் கொலைக்கு எவ்வகையிலும் உடன்படாது வாழ முயல்பவர் அவர். கடவுள் இன்றி ஒருவன் புனிதனாக முடியுமா என்பதே தம்மை வாட்டும் கேள்வி என்கிறார். இங்கும் மொழிபெயர்ப்பவனுக்கு இடர் உண்டு. ‘புனிதர்’ என்றால் கிறித்தவ மணம் வீசும். கேள்வி தன்னைத்தானே மறுக்கும் முரணாக நிற்கும். ‘சான்றோர்’ என்றால் நமக்கு முரணே தோன்றாது. சான்றாண்மைக்கென்று வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்திருக்கிறார். அச்சொல் தன் பொருளுக்காகக் கடவுளைச் சார்ந்து நிற்பதில்லை. இது நமக்குப் பெருமை என்று உடனே கூறிவிடத் தோன்றும். ஆனால் மொழிபெயர்ப்பு என்ற முறையில் அது பிழையாகும். தாருவின் கேள்வியில் இருக்கும் காயம் மறைந்துவிடும். கிறித்தவ உலகில் பிறந்து அவ்வுலகை இழந்தவனின் குரல் அது. நாம் இழவாததை அவன் இழந்திருக்கிறான் என்பதை வாசகன் உணர வேண்டுமென்றால் ‘புனிதர்’ என்றே எழுதுதல் தகும்.

இதுவரை பாராட்டு. இனி வழக்கு.

காம்யுவின் ‘நாம்’ உண்மையில் ‘நாம்’ தானா? ராம்பேர் முதன்முதல் ரியூவைக் காண வருவது அரேபிய மக்களின் வாழ்க்கை நிலையையும் அவர்களது உடல்நலத்தையும் பற்றிச் செய்தி சேகரிக்க. உண்மை முழுவதையும் அச்சிட முடியுமா என ரியூ கேட்கிறார். முழுவதும் முடியாது என்று விடை வரவே, செய்தி தர மறுக்கிறார். அதன்பின் நூலில் அரேபியர் இல்லை. அல்சீரிய நகரம் ஒன்றைக் கொள்ளைநோய் சூறையாடுகிறது. அந்நாட்டு மக்கள் ஒருவர்கூடப் பெயருடன் சாகவில்லை. அயர்லாந்து எழுத்தாளர் கோனர் குரூஸ் ஓபிரையன் 1970இல் எழுதிய நூலில் இதனைக் கடுமையாக எடுத்துரைத்தார். காம்யு அறியாதவர் என்று தப்பவிடவும் வழியில்லை. 1939இல் கபிலியப் பகுதியின் பட்டினியை நேரில் கண்டு நாளிதழில் தொடர் கட்டுரைகள் எழுதியவர் அவரே. ராம்பேர் கேட்ட கேள்விக்குரிய விடை அவர் கையில் இருந்தது. கட்டுரையில் எழுதியவர் புதினத்தில் எழுதவில்லை.

நோயை மனிதக் கொடுமைக்கு உருவகமாக்கியதால் கொடுமை செய்பவன் யார் என்னும் கேள்வி நழுவிப்போகிறது என 1955இல் ரோலான் பார்த் குறை கூறினார். அக்குறைக்குக் காம்யு பதில் எழுதினார். தனிமனிதனின் எதிர்ப்பிலிருந்து கூட்டு வாழ்வை ஏற்கும் நிலைக்குத் தாம் நகர்ந்ததை இந்நூல் காட்டுகிறது என்றார். அந்தப் பதிலை நான் மதிக்கிறேன். ஆனால் கூட்டு என்பதில் யார் யார் அடக்கம் என்பதற்கு அது விடையாகாது. 1830 முதல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்து 1962இல் விடுதலை பெற்ற நாடு அல்சீரியா. பிறர் ஆட்சியில் பல தலைமுறை வாழ்ந்த மக்களாகிய நம்மைப் போன்றோர் இப்புதினத்தைப் படிக்கும்போது, பிரெஞ்சுக்காரன் எளிதில் கடந்து செல்லும் அவ்விடத்தில் கால் இடறுகிறது. தமிழில் பெயர்ப்பவன் நேர்மையாளனாயின் சில இடங்களில் ‘நாங்கள்’ என்றே எழுத வேண்டியிருக்கும். பானலூவின் ஆலயத்தில் அரேபியர் எவரும் அமர்ந்திருக்கவில்லை.

இக்குறையால் நூல் வீழ்ந்துவிட்டது என்று கூறேன். அளவுகோலை நமக்குத் தந்ததே அந்நூல்தான். துன்பத்தின் முன் எவரையும் விலக்காத பன்மையே மனிதனுக்குப் புகலிடம் என்று கற்பித்துவிட்டு, அதனை ஆசிரியரே முழுதும் கடைப்பிடிக்கவில்லை. தம் கொள்கை தம் கைக்கு எட்டாத தொலைவில் நின்றது என்பது எழுத்தாளர் பலருக்கும் நேர்ந்ததே. 1960 ஜனவரி 4ஆம் நாள் மகிழுந்து விபத்தில் அவர் இறந்தபோது உடனிருந்த பையில் முற்றுப்பெறாத புதினம் ஒன்றின் கையெழுத்துப் படி இருந்தது. 1994இல் அது ‘முதல் மனிதன்’ என்னும் பெயரில் வெளிவந்தது. அதில் அவர் தம் இளமையின் அல்சீரியாவுக்குத் திரும்புகிறார். தாயையும் ஆசிரியரையும் அவ்வூர் மக்களையும் எழுத முற்படுகிறார். இருந்திருந்தால் எவ்வளவு தொலைவு சென்றிருப்பார் என்று ஊகிப்பதில் பயனில்லை.

என் மாணவி கூறிய குறை இவையெல்லாம் அன்று. “ஐயா, இந்த ஊரில் செவிலியர்கள் யார்?” என்று கேட்டாள். நான் விழித்தேன். நூலில் மருத்துவர்கள் உண்டு, தன்னார்வப் படையினர் உண்டு, எல்லாரும் ஆடவர், எல்லாரும் நன்றாகப் பேசுகின்றனர். ரியூவின் மனைவி கதைத் தொடக்கத்திலேயே வெளியூர் மருத்துவ இல்லத்திற்குச் சென்று, முடிவில் அங்கேயே இறக்கிறாள். ராம்பேரின் காதலி பாரிசில் இருக்கிறாள். கிரானின் மனைவி போய்விட்டாள். “உடம்பைத் துடைத்துத் துணி மாற்றியவர்கள் பெயரை இவர் எழுதவில்லையே. நோயாளியின் தலைமாட்டில் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை, ஐயா,” என்றாள். ஓபிரையன் அரேபியரைத் தேடியதுபோல் இவள் தன்னைத் தேடியிருக்கிறாள். இருவருக்கும் கிடைத்த விடை ஒன்றே. அவள் ‘நாங்கள்’ என்று கூறியதையும் கவனித்தேன்.

ஆனால் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தபோது ஓரிடத்தில் மட்டும் பென்சிலால் மெல்லக் கோடிட்டிருந்தாள். கொள்ளைநோய் தணிந்து, ஊர் மகிழத் தொடங்கும் வேளையில் தாரு நோயில் விழுகிறார். விதிப்படி அவரைத் தனியிடத்துக்கு அனுப்பவேண்டும். ரியூவின் தாய், அவர் இங்கேயே இருக்கட்டும் என்கிறார். அந்த அம்மையார் நூல் நெடுகிலும் அதிகம் பேசாதவர். சன்னலோரம் கைகளை மடியில் வைத்து அமர்ந்திருப்பவர். காம்யுவின் தாயை அறிந்தவர்க்கு அவர் யாரென்று தெரியும். இரவெல்லாம் அவர் விழித்திருக்கிறார். ஒருமுறை குனிந்து தலையணையைச் சரிசெய்து, வியர்வையில் நனைந்த தாருவின் தலைமயிர்மேல் கையை வைக்கிறார். கோடு அங்கே இருந்தது.